சின்ன ஆசிய நாடுகள் கூடைப்பந்தில் எப்படி மேலே வருகின்றன? லெபனானிலிருந்து தொடங்குவோம்

ராயபுரம்_ரீபவுண்ட்

லெபனானின் மக்கள்தொகை சுமார் 55 லட்சம். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அந்த நாடு 2002, 2006, 2010, 2023 என நான்கு முறை கூடைப்பந்து உலகக் கோப்பையில் ஆடியிருக்கிறது. 2006-இல் பிரான்சை 74-73 என்று வென்றது. 2010-இல் கனடாவைத் தோற்கடித்தது. 2022 ஆசியக் கோப்பைக் காலிறுதியில் சீனாவை வெளியே அனுப்பிவிட்டு, இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 73-75 என இரண்டே புள்ளியில் தோற்றது. அந்தத் தொடரின் சிறந்த வீரர் வாயில் அரக்ஜி. அவர் ரிங்குக்குக் கீழே நிற்கும் சென்டர் கிடையாது, பந்தைக் கொண்டுபோகும் கார்டு.

இதை எங்கள் கோர்ட்டில் பேச்சுக்கு எடுத்தால் வழக்கமாக மூன்று பதில் வரும். அவர்கள் உயரம், அவர்களிடம் பணம் இருக்கிறது, வெளிநாட்டு ஆளைக் கூட்டி வருகிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றுக்கும் முன்னால் அங்கே வந்தது ஒரு நல்ல உள்ளூர் லீக் என்பதுதான் என் கருத்து.

1990-இல் உள்நாட்டுப் போர் முடிந்த நாடு அது. அதற்குப் பிறகு பெய்ரூத்தில் ஹிக்மே, அல் ரியாதி என்ற இரண்டு கிளப்புகளுக்கு நடுவில் கடும் போட்டி வளர்ந்தது. ஊடகத் தொழிலதிபர் அந்துவான் ஷுவைரி ஹிக்மேவின் தலைவராக வந்து பணத்தை இறக்கினார். ஆட்டங்கள் டிவியில் நேரலையாக ஓடின. அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு அழைத்து வந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் வாராவாரம் அவர்களைத் தடுத்து ஆட வேண்டியிருந்தது. லெபனான் அணியின் நட்சத்திரம் ஃபாதி அல் காத்திப் அந்தச் சூழலில் வளர்ந்தவர். ஹிக்மே 1999, 2000, 2004 ஆண்டுகளில் ஆசிய கிளப் சாம்பியன் ஆனது. நாட்டு அணி ஆசிய இறுதிக்கு வந்தது 2001-இல், உலகப் போட்டிக்குப் போனது 2002-இல். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அந்த ஆண்டுகளே சொல்கின்றன.

மற்ற சின்ன நாடுகளில் என்ன நடந்தது, வடசென்னையில் இருக்கும் நமக்கு இதிலிருந்து என்ன கிடைக்கும் என்று பேசலாமா?

மணலி_கார்டு

அண்ணா, லீக் நல்ல விஷயம்தான். ஆனால் அது வளர இருபது வருஷம் ஆகும். ஜோர்டானைப் பாருங்கள். அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் முன்பு ஆடிய ரொண்டே ஹாலிஸ்-ஜெஃபர்சனுக்குக் குடியுரிமை கொடுத்தார்கள், 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கினார்கள். அதே வருஷம் கம்போடியா தன் நாட்டில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் ஆண்கள் 3×3 (அணிக்கு மூன்று பேர் ஆடும் கூடைப்பந்து) தங்கம் வென்றது. ஐவர் ஆட்டத்திலும் பிலிப்பைன்ஸோடு இறுதிவரை வந்தது. அந்த அணியை நிமிர்த்தியவர்கள் குடியுரிமை பெற்ற அமெரிக்கர்கள். கத்தாரும் பல வருஷமாக இதைத்தான் செய்கிறது. சின்ன நாட்டுக்குக் குறுக்கு வழி இருந்தால் எடுப்பதில் என்ன தப்பு?

தண்டையார்பேட்டை_24

எத்தனை பேரை வேண்டுமானாலும் அப்படி எடுத்துக்கொள்ளலாமா? ரூல் என்ன?

வண்ணை_ஸ்கோர்ஷீட்

தம்பி, உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா நடத்தும் போட்டிகளில் ஒரு அணிக்கு ஒருவர்தான். 16 வயது முடிந்த பிறகு அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் எவரும் அந்தக் கணக்கில் வருவார். தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் இந்தக் கட்டுப்பாடு இல்லாததால்தான் கம்போடியாவால் பலரை இறக்க முடிந்தது. ஆசியக் கோப்பையிலோ உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலோ அது நடக்காது.

இதிலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. 16 வயதுக்கு முன்பே பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் உள்ளூர் ஆட்டக்காரர்தான். அதனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பாஸ்போர்ட் எடுத்துவைக்கச் சொல்லும் நாடுகளுக்கு லாபம். லெபனானியர்கள் உலகம் முழுக்கப் பரவியிருப்பதால் அவர்களுக்கு இது பெரிய பலம். எல்லோரும் வந்து ஆடினார்கள் என்றும் சொல்ல முடியாது. ரோனி சைக்காலி பெய்ரூத்தில் பிறந்தவர், ஆனால் 1986-இல் உலகப் போட்டியை வென்ற அமெரிக்க அணியில் ஆடினார்.

குவாம் தீவைப் பாருங்கள். மக்கள்தொகை 1.7 லட்சம் அளவுதான். 2021 தேர்தலில் ஆர்.கே.நகர் தொகுதியின் வாக்காளர் பட்டியலே அதைவிடப் பெரியது. அந்தக் குவாம் 2025-இல் ஜித்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

ராயபுரம்_ரீபவுண்ட்

மணலி தம்பிக்கு: ஜோர்டானை நீங்கள் எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2023 உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாலிஸ்-ஜெஃபர்சன் தனியாக 39 புள்ளி போட்டார். கடைசி நொடிகளில் ஒரு திரீ பாயிண்டர், அதோடு ஃபவுல், ஃப்ரீ த்ரோவும் உள்ளே. ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. அப்படியும் ஜோர்டான் தோற்றது. அந்த உலகக் கோப்பையில் ஆடிய ஐந்து ஆட்டத்திலும் தோற்றது. அதே போட்டியில் லெபனானும் லாட்வியாவிடமும் கனடாவிடமும் பெரிய அடி வாங்கியது, ஆனால் பிரான்சோடு 79-85 வரை மல்லுக்கட்டி, ஐவரி கோஸ்ட்டையும் ஈரானையும் வென்றது. லெபனானிலும் அப்போது குடியுரிமை பெற்ற அமெரிக்கர் ஒருவர் இருந்தார். பெஞ்சிலிருந்து எழுந்து வருகிற எட்டாவது, ஒன்பதாவது ஆளிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்த ஆட்களை லீக் மட்டும்தான் கொடுக்கும்.

கத்தார் 2006-இல் உலகப் போட்டிக்குப் போனது. அதற்குப் பிறகு தகுதி பெறவே இல்லை. 2027-இல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் உள்ளே வருகிறது. அவ்வளவு பணம் இருந்தும் நடுவில் இருபது வருஷ இடைவெளி.

ஜோர்டானைக் குறைத்துச் சொல்லவில்லை. 2011-இல் வூஹானில் சீனாவிடம் ஒரே புள்ளியில், 69-70 என்று ஆசியக் கோப்பையை விட்ட அணி அது. அவர்களுடைய நல்ல காலங்களைப் பார்த்தால் உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஒரு தலைமுறையாகச் சேர்ந்து வளர்ந்த காலங்களாகவே இருக்கும்.

எண்ணூர்_பிடிடீச்சர்

எல்லோரும் ஆண்கள் அணியையே பேசுகிறீர்கள். நான் மங்கோலியப் பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த நாட்டில் 35 லட்சம் பேர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3×3 முதல்முறை சேர்க்கப்பட்டபோது மங்கோலியப் பெண்கள் அணி தகுதி பெற்றது. குழு விளையாட்டில் அந்த நாடு ஒலிம்பிக்குக்குப் போனது அதுவே முதல்முறை. அணியின் ஓனோல்பாதர் குலான் தொடக்க விழாவில் கொடி பிடித்தவர்களில் ஒருவர். 2025-இல் 3×3 உலகக் கோப்பையைத் தலைநகர் உலான்பாதரிலேயே நடத்தினார்கள், பெண்கள் இறுதி ஆட்டம் வரை வந்து நெதர்லாந்திடம் தோற்று வெள்ளி வாங்கினார்கள். மல்யுத்தத்துக்கும் ஜூடோவுக்கும் பேர்போன நாடு இது.

ஏன் 3×3? செலவைப் பாருங்கள். அரை கோர்ட், ஒரு ரிங், அணிக்கு நான்கு பேர். பத்து நிமிஷம், அல்லது யார் முதலில் 21 எடுக்கிறார்களோ அவர்கள். 12 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்பதால் பயந்து பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகூட முடிவெடுக்கப் பழகிவிடும். பன்னிரண்டு பேரை விமானத்தில் ஏற்ற முடியாத சங்கம் நான்கு பேரை அனுப்பலாம். இன்னொரு நுட்பமும் உண்டு. 3×3-இல் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிப் புள்ளி இருக்கிறது. முன்னணி ஆட்டக்காரர்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் நாட்டின் தரவரிசை வரும். உள்ளூரில் முறையாகப் பதிவு செய்து நடத்தும் போட்டியிலும் புள்ளி கிடைக்கும். அடிக்கடி போட்டி நடத்தும் சின்ன நாடு, சும்மா இருக்கும் பெரிய நாட்டைத் தாண்டிவிடும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் முழு கோர்ட் கேட்டால் இடம் இல்லை என்பார்கள். ஒரு போர்டு நட இடம் இருக்கிறது.

மணலி_கார்டு

டீச்சர், 3×3-இல் ஜெயித்தால் ஐவர் ஆட்டத்தில் ஜெயிக்க முடியுமா? ரெண்டும் வேற வேற ஆட்டம்தானே?

எண்ணூர்_பிடிடீச்சர்

வேறுதான். ஆனால் ஒன்றை ஒன்று கெடுக்காது. ஆசியாவுக்கு வெளியே லாட்வியாவைப் பாருங்கள், 20 லட்சம் பேர்கூட இல்லை. டோக்கியோவில் ஆண்கள் 3×3 தங்கம் அவர்களுக்குத்தான். 2023-இல் முதல்முறையாக ஐவர் உலகக் கோப்பைக்கு வந்து ஐந்தாம் இடம் பிடித்தார்கள்.

உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உயரமான பிள்ளைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை, யாரும் தேடிப் போகவில்லை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குல உயரம். அவரை வைத்து இலங்கை 2018-இல் ஆசிய நெட்பால் சாம்பியன் ஆனது. ஊர்ப்புறத்திலிருந்து அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததால்தான் அது நடந்தது. என் பள்ளியில் உயரமாக வளரும் பெண் குழந்தை முதலில் கற்றுக்கொள்வது கூன் போட்டு நடக்க. அந்தக் கூனை நிமிர்த்துவதுதான் என் முதல் வேலை.

பெரம்பூர்_பழையகோர்ட்

எல்லாப் பதிவையும் படித்தேன். ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்து ஆடி ஓய்வு பெற்றவன் நான். ரீபவுண்ட் தம்பி லீக் லீக் என்கிறார். அந்த லீக்குக்கு யார் சம்பளம் தருவார்?

ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, ஐஓபி, சுங்கத்துறை, வருமான வரித்துறை என்று நம் ஊரில் கூடைப்பந்து உயிரோடு இருப்பதே இந்த வேலைகளால்தான். மீன் ஏலம் எடுக்கும் அம்மாவோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பாவோ பையனை விடியற்காலையில் கோர்ட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் கடைசியில் ஒரு அரசாங்க வேலை இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். அதை யாரும் லேசாகப் பேசிவிட வேண்டாம்.

லெபனான் கதையின் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். பணக்காரர் ஒருவர் தலையில் நிற்கும் கிளப் அவர் விலகினால் ஆட்டம் காணும். 2013-இல் கிளப்புகளும் சங்கமும் வழக்கு வம்பில் இறங்கி, ஃபீபா அந்த நாட்டையே தடை செய்தது. மணிலாவில் நடந்த ஆசியப் போட்டிக்கு அணி போகவே முடியவில்லை. 2019-இல் அவர்கள் நாட்டுப் பணம் விழுந்து, தெருவில் போராட்டம் வெடித்தபோது லீக்கே நின்றது. நம் நாட்டில் 2015-இல் தொடங்கிய யுபிஏ என்ற தனியார் கூடைப்பந்து லீக் 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. அதை நம்பி வேலையை விட்ட பையன் என்ன ஆவான்? கோட்டாவில் சேர்ந்தவனுக்கு முட்டி போனாலும் மாசம் பிறந்தால் சம்பளம் வரும்.

ராயபுரம்_ரீபவுண்ட்

சார், கோட்டா வேலை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் அதனால்தான் நிமிர்ந்தது. என் கவலை ஆட்டங்களின் எண்ணிக்கையைப் பற்றியது.

நம் ஊர்ப் போட்டிகள் எப்படி நடக்கின்றன? நான்கைந்து நாள், ஃப்ளட் லைட், நாக் அவுட். 16 அணி வந்தால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணி ஒரே ஆட்டம் ஆடிவிட்டு பஸ் ஏறும். அந்த எட்டு அணியில்தான் நம் சின்னப் பையன்கள் இருப்பார்கள். முதல் சுற்றிலேயே பெரிய வங்கி அணியோடு மோதி 40 புள்ளியில் தோற்றால் அந்த வருஷத்துப் பாடம் அதோடு முடிந்தது. எட்டே அணிகளை வைத்து, உன் இடத்தில் ஒன்று என் இடத்தில் ஒன்று என்று லீக் ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் 14 ஆட்டம் கிடைக்கும். இன்று தோற்ற அதே அணியை அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம். என் இடது பக்கம் அவனுக்குத் தெரிந்துவிட்டது, நான் என்ன மாற்ற வேண்டும் என்று பையன் யோசிப்பான். இந்த யோசனை நாக் அவுட்டில் வராது, வரவும் அவகாசம் இல்லை.

இதை நாட்டு அணியோடு பொருத்திப் பாருங்கள். 2017 நவம்பரிலிருந்து ஃபீபா தகுதிச் சுற்றை உள்ளூர், வெளியூர் என்று மாற்றிவிட்டது. நவம்பரில் ஒரு வாரம், பிப்ரவரியில் ஒரு வாரம். அதற்கு முன்னால் சேர்ந்து பயிற்சி எடுக்கக் கிடைப்பது சில நாட்கள்தான். மூன்று மாதம் கேம்ப் போட்டு அணியைத் தயார் செய்த காலம் போய்விட்டது. இப்போது ஆட்டக்காரன் ஏற்கனவே தயாராக வந்து இறங்க வேண்டும். அல் ரியாதியில் சனிக்கிழமை ஆடிவிட்டு வருபவன் அப்படி வருவான். ஆபீசில் லீவு போட்டுவிட்டு வருபவனுக்கு அது கஷ்டம், அவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும். 2024 நவம்பரில் பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கில் கத்தாரும் கஜகஸ்தானும் வந்து நம்மை வென்றுவிட்டுப் போனதை இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். நம் பையன்கள் முதல் இரண்டு குவார்ட்டர் ஓடுவார்கள். மூன்றாவதில் எதிரணி தடுப்பாட்டத்தை மாற்றியதும் பதில் தேட நேரம் எடுக்கிறது.

லெபனான் லீக் நின்றது உண்மை. ஆனால் அது நின்ற இரண்டு மூன்று வருஷத்துக்குள் 2022 இறுதி ஆட்டம் வந்ததே! பணம் போன பிறகும் கிளப்பும் அதன் ரசிகர்களும் அந்தக் கிளப்பில் எட்டு வயதில் சேர்ந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அல் ரியாதி 1934-இல் தொடங்கிய கிளப். ஒரு முதலாளியின் ஆயுளைவிட அதற்கு ஆயுள் அதிகம். 2024-இல் மறுபடி ஆசிய அளவில் கிளப் பட்டம் வென்றார்கள்.

மணலி_கார்டு

சரி அண்ணா, லீக் முதலில் என்பதை ஏற்கிறேன். அப்போது இந்தியாவுக்கு என்ன வழி? நமக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. ஜப்பான், பிலிப்பைன்ஸ் எல்லாம் அந்த ஒரு இடத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். சீனாவே 2023-இல் என்பிஏ ஆட்டக்காரர் கைல் ஆண்டர்சனை எடுத்தது.

தண்டையார்பேட்டை_24

ஆனாலும் 2014-இல் வூஹானில் சீனாவை 65-58 என்று ஜெயித்தோமே. 2025 ஜித்தாவில் ஜோர்டானை ஓவர்டைம் வரை இழுத்தோம். ஜோர்டான் பக்கம் வெளிநாட்டு ஆள் இருந்தும்.

பெரம்பூர்_பழையகோர்ட்

1975-இல் ஆசியாவில் நான்காம் இடம், தம்பி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிலும் ஆடினோம். ஆட்கள் எப்போதும் இருந்தார்கள்.

ரீபவுண்ட் தம்பி சொன்ன 14 ஆட்டக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. வேலையை வைத்துக்கொண்டே லீக் ஆட முடியாதா? வங்கி அணிகளும் ரயில்வே அணிகளும் இங்கேயேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓர் ஆட்டம் என்றால் எந்த ஆபீசும் லீவு தர வேண்டியதில்லை. அந்த ஆட்டத்துக்கு முன்னால் அதே கோர்ட்டில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடட்டும். பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் எல்லாம் கற்றுக்கொண்டோம்.

எண்ணூர்_பிடிடீச்சர்

பெண்களுக்கும் அதே நாளில், அதே கோர்ட்டில். கடைசி ஆட்டமாகப் போடாதீர்கள். எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திரும்ப வேண்டும். இருட்டுவதற்குள் வீட்டில் இல்லை என்றால் அடுத்த வாரம் அனுப்ப மாட்டார்கள். ஒரு பெண் ஆட்டத்தை விடுவதற்கு எங்கள் பக்கத்தில் நான் பார்த்த காரணங்களில் இது முதலிடம்.

ரிங் விஷயமும் இருக்கிறது. கடல் காற்றில் போர்டின் போல்ட்டு எல்லாம் துருப்பிடித்துவிடும். சிமெண்ட் தரையில் மணல் சேர்ந்தால் திரும்பும்போது வழுக்கி முட்டி போகும். பொது மைதானம் ஒன்றில் வளைந்த ரிங்கை மாற்றச் சொல்லி மனு எழுதி எழுதி, கடைசியில் பெற்றோர்களே காசு போட்டு வெல்டிங் வைத்தார்கள். லீக் தொடங்கும் முன் எந்தெந்தக் கோர்ட் ஆடும் நிலையில் இருக்கிறது என்று யாராவது சுற்றிப் பார்க்க வேண்டும்.

வண்ணை_ஸ்கோர்ஷீட்

அதை நான் செய்கிறேன். ராயபுரத்திலிருந்து கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் வரை வண்டியில் போய் ரிங் உயரம், போர்டு, தரை, கோடு, விளக்கு எல்லாம் பார்த்துக் குறித்து இங்கே போடுகிறேன். ரிங் பத்து அடியில் இருக்கிறதா என்று டேப் வைத்து அளப்பேன். பல இடத்தில் தரையை மேலே மேலே பூசிப் பூசி உயரம் குறைந்திருக்கும். அதில் பழகிய பையன் மாநிலப் போட்டிக்குப் போனால் ஷாட் முன் விளிம்பில் இடிக்கும்.

என் பக்கத்திலிருந்து ஒரு கோரிக்கை. 24 விநாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்று எண்ணிக் காட்டும் கடிகாரம் இல்லாமல் லீக் தொடங்காதீர்கள். நம் போட்டிகள் பலவற்றில் அது இல்லை. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி மூன்று நிமிஷம் பந்தைச் சுற்றிச் சுற்றித் தள்ளி ஜெயித்துவிடுகிறது, கோச்சும் அதைத்தான் சொல்லித்தருகிறார். வெளியே போனால் அந்தத் தந்திரம் உதவாது. தாக்கும் அணி தன் ரீபவுண்டை, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தை, தானே எடுத்தால் கடிகாரம் 14-க்குத்தான் திரும்பும் என்பதே தெரியாமல் மாநில அணிக்குப் போன பையன்களைப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த போர்டு வாங்க வேண்டாம். பழைய லேப்டாப் ஒன்று, பக்கத்தில் ஒரு டிவி திரை, ரிங்கைப் பார்த்தபடி கவனமாக உட்கார ஓர் ஆள். ஆள்தான் முக்கியம். மேஜையில் உட்கார ஆர்வம் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள், ஸ்கோர்ஷீட் எழுதவும் கடிகாரம் பிடிக்கவும் நான் கற்றுத்தருகிறேன்.

தண்டையார்பேட்டை_24

சார், நான் வருகிறேன். என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். லேப்டாப் இருக்கிறது. பதினான்குக்கும் இருபத்து நான்குக்கும் தனித்தனி பட்டன் வேண்டுமா, ஒரே பட்டனில் மாற்றலாமா?

வண்ணை_ஸ்கோர்ஷீட்

தனித்தனி, தம்பி. அவசரத்தில் விரல் தப்பக் கூடாது.